வாய்வெருவுதல்

யாழ்ப்பாணத்தில் வயலில் நிறுத்தும் வைக்கோல் பொம்மைக்கு ‘வெருளி’ என்று பெயர். மிரட்டுவது ‘வெருட்டுறது’, பயந்த பிள்ளை ‘வெருண்டு போச்சு’. தமிழ்நாட்டுப் பேச்சில் இந்தச் சொற்குடும்பம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. நடுராத்திரியில் குழந்தை வீறிட்டால் இங்கே ‘எதையோ பாத்துப் பயந்திருக்கு’ என்பார்கள். இல்லாவிட்டால் ‘தூக்கத்துல உளறுது’ என்பார்கள். அச்சம், உளறல் இரண்டையும் ஒரே பிடியில் பிடித்த சொல் ஒன்று நம்மிடம் இருந்தது: வாய்வெருவுதல்.

வெரு என்றால் அச்சம். சங்கப் பாடல்களில் இடி கேட்டும் கவண்கல் ஒலி கேட்டும் விலங்குகளும் பறவைகளும் வெருவுகின்றன. அந்த வினைக்கு முன்னால் ‘வாய்’ வந்து சேர்ந்ததும் பொருள் நகர்ந்துவிடுகிறது. உறக்கத்திலோ தன்னை மறந்த நிலையிலோ வாய் பிதற்றுவதே வாய்வெருவுதல். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் (5.5) ஒரு தாயின் குரலில் பேசுகிறார். மகள் வேங்கடத்தின் பெயரையே சொல்லி வாய்வெருவுகிறாள்; தாய்மடியில் தங்க மறுக்கிறாள்; அவள் கண்கள் துயில் மறந்துவிட்டன. அந்தப் பெண்ணை ஆழ்வார் அங்கேயே ‘வெருவாதாள்’ என்றும் சொல்கிறார். அச்சமே அறியாதவள், ஆனாலும் அவள் வாய் வெருவுகிறது. இது பக்தியின் பித்து, குழந்தையின் அலறல் இல்லை. ஆனால் உள்ளம் அஞ்சுவதும் வாய் வெருவுவதும் வேறுவேறு என்பதை இவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்டும் இடத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை.

குழந்தைக்கு நடப்பதும் அதுதான். தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில், உறக்கம் மிக ஆழ்ந்திருக்கும்போது, திடீரென்று அலறல். கண் திறந்திருக்கும், அம்மாவைத் தெரியாது. நெற்றி வியர்க்கும்; நெஞ்சு படபடவென்று அடிக்கும்; தூக்கினால் உதறித் தள்ளும். சில நிமிடங்களில் தானாக அடங்கித் தூங்கிவிடும். காலையில் கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது. கெட்ட கனவு அப்படியில்லை. அது விடியலை ஒட்டி வரும். குழந்தை விழித்துக்கொள்ளும், அம்மாவைத் தேடும், பேச்சு வந்த பிள்ளையானால் கனவைச் சொல்லவும் சொல்லும். 1968இல் தூக்க ஆய்வாளர் ரோஜர் பிராட்டன் ‘சயன்ஸ்’ இதழில் இந்த அலறலைக் கனவின் கணக்கிலிருந்து எடுத்து, ஆழ்துயிலிலிருந்து பாதி விழிக்கும் கோளாறு என்று வகைப்படுத்தினார். மூளையின் ஒரு பகுதி எழுந்துவிடுகிறது, மற்றது தூங்கிக்கொண்டே இருக்கிறது.

அதற்கு முன்பு ஐரோப்பியர்கள் இரவுப் பயங்களுக்குக் காரணத்தை வெளியே தேடினார்கள். கெட்ட கனவைக் குறிக்கும் ஆங்கில ‘நைட்மேர்’ சொல்லிலுள்ள ‘மேர்’ பெண்குதிரை அல்ல. தூங்குபவரின் மார்பில் ஏறி அமுக்கும் பேய். பிரெஞ்சு ‘கோஷ்மார்’ சொல்லின் வாலிலும் அதே பேய்தான் இருக்கிறது.

நாமும் வெளியே தேடாமல் இல்லை. ‘பே’ என்றாலே அச்சம் என்கிறது தொல்காப்பியம். பேய் அதிலிருந்து வந்தது என்பார்கள். குறுந்தொகை 161இல் பேயும் நடுங்கும்படி மழை கொட்டும் இரவில், புலிப்பல் தாலி கட்டிய மகனை அணைத்தபடி ஒரு தாய் இருக்கிறாள். குழந்தைக்குக் காப்பாகப் பிறகு வசம்பு வளையலும் கட்டினார்கள். அந்த வசம்பையும் இரவில் பெயர் சொல்லாமல் ‘பிள்ளை மருந்து’, ‘பேர் சொல்லாதது’ என்றார்கள். தலைமாட்டில் இரும்பு வைத்தார்கள். இன்றும் பல ஊர்களில் மாலைத் தொழுகை முடியும் நேரம் பள்ளிவாசல் வாசலில் இந்துத் தாய்மாரும் குழந்தையை ஏந்தி நிற்கிறார்கள். வெளியே வருபவர்கள் ஓதி ஊதிவிட்டுப் போகிறார்கள். அந்தக் காத்திருப்பில் இருக்கும் பாசத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் அலறும் குழந்தையை உலுக்கி எழுப்புவது வேண்டாம். அலறல் அதிகமாகத்தான் செய்யும். விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும். காய்ச்சலும் தூக்கக் குறைவும் இதைத் தூண்டுவதால், சீக்கிரம் தூங்க வைப்பது உதவும். வளர வளரப் பெரும்பாலும் நின்றுவிடும். கைகால் வெட்டி இழுத்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்த இரவு அலறலுக்கு இப்போது ‘இரவு அச்சம்’ என்று எழுதுகிறார்கள். அதைப் படிக்கும் தாய், பிள்ளை எதைக் கண்டு அஞ்சியது, யார் பயமுறுத்தினார்கள் என்றுதான் தவிப்பாள். வாய்வெருவுகிறது என்று சொன்னால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.