சன்னதில் எழுதிய பரம்பரை

பரம்பரை ஆட்சி என்றதுமே நமக்குள் ஒரு சித்திரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. அது ஆதியிலிருந்தே இருந்துவந்தது, வெள்ளைக்காரன் வந்து அதை விலைக்கு வாங்கினான் அல்லது ஒழித்துக்கட்டினான் என்கிற சித்திரம். காலனிய நிர்வாகிகள் எழுதிவைத்த வரலாறும் தேசியவாதிகள் எழுதிய வரலாறும் எத்தனையோ விஷயங்களில் முட்டிக்கொண்டாலும் இந்த ஒரு இடத்தில் கைகோத்துக்கொள்கின்றன. பர்மாவின் சான் மாநிலங்களில் நடந்ததைப் பார்த்தால் சங்கதி வேறு மாதிரி இருக்கிறது. அங்கே 'பரம்பரை' என்பது ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்கப்பட்ட பிறகுதான் கெட்டிப்பட்டது என்பது என் வாதம்.

சான்கள் 'தாய்' இனத்தில் ஒரு பிரிவினர் (பெற்ற தாய் அல்ல, தாய்லாந்தின் தாய்). அவர்களுடைய ஆட்சியாளனுக்குப் பெயர் சாவ்பா. வானத்துக்கு உடையவன் என்று பொருள். பர்மியர் வாயில் அது சாப்வா ஆகி, ஆங்கில ஆவணங்களில் அப்படியே நிலைத்தது. வானம் அவனுடையதாக இருந்ததோ என்னவோ, பூமியில் அவன் பிடி அவ்வளவு ஒன்றும் உறுதியானதாக இல்லை. மேலே மாண்டலே அரசவை. திறை கட்ட வேண்டும். பெண் கொடுக்க வேண்டும். பிள்ளைகளை அரசவைக்கு அனுப்ப வேண்டும். பக்கத்தில் பங்காளிகள். அண்ணன், தம்பி, சித்தப்பன் என்று யார் வேண்டுமானாலும் ஆள் திரட்டிக்கொண்டு வரலாம். கீழே குடியானவர்கள். நிலம் ஏராளம், ஆள் கம்மி. கொடுமை தாங்கவில்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த சாவ்பாவின் பள்ளத்தாக்குக்குப் போய்விடுவார்கள். ஆளில்லாத வயலுக்கு வானத்து அதிபதியாக இருந்து என்ன செய்ய?

இப்போது சிப்பாவ் மாநிலத்துச் சாவ்பா குன் செங் கதைக்கு வருகிறேன். 1880களின் தொடக்கத்தில் மாண்டலேயோடு பகைத்துக்கொண்டு ஊரைவிட்டே ஓடியவர். (அப்போது மாண்டலேயில் அரசனாக இருந்த திபாவுக்கு அந்தப் பெயர் வந்ததே சிப்பாவ் ஊரின் பர்மியப் பெயரிலிருந்துதான்.) கடைசியில் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த ரங்கூனில் வந்து தங்கினார். தன்னோடு வந்த ஆட்களில் இரண்டு பேர் தனக்கு எதிராகச் சதி செய்வதாகச் சந்தேகம் வந்தது. சுட்டுக் கொன்றுவிட்டார். அவர் கணக்கில் அது தண்டனை; சாவ்பா செய்கிற வேலை. ரங்கூன் நீதிமன்றத்தின் கணக்கில் கொலை. விசாரித்து மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அதைக் குறைத்துச் சிறையில் வைத்தார்கள். அப்புறம் பிரிட்டிஷ் எல்லைக்குள் இருக்கக் கூடாது என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அவர் கரென்னிப் பக்கம் போய் ஆள் சேர்த்துக்கொண்டு 1886இல் சிப்பாவுக்குத் திரும்பினார். அதற்குள் மாண்டலே வீழ்ந்து, மேல் பர்மா முழுவதும் பிரிட்டிஷ் வசம் போயிருந்தது. 1887 ஜனவரியில் மாண்டலேக்கு வந்து பணிந்தார். சான் சாவ்பாக்களில் முதலில் வந்து பணிந்தவர் அவர்தான். பலன்? பத்து வருடத்துக்குத் திறை கிடையாது. பக்கத்திலிருந்த சிறு மாநிலங்களும் அவரோடு சேர்க்கப்பட்டன.

நேற்றைய கொலைக் குற்றவாளி இன்றைக்கு அரசன். இதை வெறும் சந்தர்ப்பவாதம் என்று விட்டுவிட முடியவில்லை. 1888ஆம் வருடத்துச் சான் மாநிலங்கள் சட்டம், குற்ற வழக்கு, சிவில் வழக்கு, வரி வசூல் மூன்றையும் சாவ்பாக்களிடமே விட்டது. சன்னதில் கண்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அவ்வளவுதான். ரங்கூனில் எந்தச் செயல் கொலையானதோ அதே செயலைச் செய்கிற அதிகாரத்தின் பெரும்பகுதி சிப்பாவில் 'சான் வழக்கம்' என்ற பெயரில் அங்கீகாரம் பெற்றது. செயல் மாறவில்லை, அது நடக்கிற இடம்தான் மாறியிருக்கிறது. நவீனச் சட்டம், பாரம்பரிய வழக்கம் என்று எதிரெதிராக நாம் வைத்துப் பேசுகிற இரண்டும் ஒரே அலுவலக மேசையிலிருந்து போனவை. இன்னொன்று. இந்தக் கதையை நான் சொல்லும்போதும்கூட செத்தவர்கள் 'இரண்டு பேர்' என்ற எண்ணிக்கையாகவே நிற்கிறார்கள்.

சன்னது நமக்குப் புதிய சொல் இல்லை. கட்டபொம்மனை 1799இல் தூக்கிலிட்டு, 1801இல் பாளையக்காரர் போரையும் முடித்துவிட்டு, தெற்கத்திப் பாளையங்களை ஜமீன்களாக்கி 1803இல் கும்பினி கொடுத்ததும் சன்னதுதான். கும்பினி பக்கம் நின்ற எட்டயபுரத்துக்குப் பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கு கிடைத்ததையும் குன் செங்குக்குக் கிடைத்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சாவ்பாவின் சன்னதில் என்ன இருந்தது? காடு, கனிமம் எல்லாம் அரசாங்கத்துக்கு. ரயில்பாதை போட நிலம் கொடுக்க வேண்டும். பிரிட்டிஷ் சூப்பரின்டெண்டெண்ட் சொல்படி நடக்க வேண்டும். சான் வழக்கப்படி தகுந்த வாரிசை நியமித்துக்கொள்ளலாம், ஆனால் அரசாங்கத்தின் ஒப்புதலோடு. நான் பிடித்துக்கொள்கிற கண்ணி இந்தக் கடைசி வரிதான். இதற்கு முன்பு வாரிசு விஷயம் சண்டையில் தீர்ந்தது, அல்லது மாண்டலேயில் தீர்ந்தது, சில சமயம் குடிகள் கூட்டமாக ஓடிப்போனதில் தீர்ந்தது. இப்போது கோப்பில் தீர்கிறது. பங்காளி ஆள் திரட்டினால் அது கலகம்; பிரிட்டிஷ் துப்பாக்கி சாவ்பாவுக்காக வரும். எல்லைகள் அளக்கப்பட்டு, வீடுகள் எண்ணப்பட்டு, வரி கோப்பில் ஏறிவிட்டது. எந்தப் பள்ளத்தாக்குக்கு ஓடினாலும் அங்கேயும் ஒரு சன்னது வைத்திருக்கிற சாவ்பா.

மிச்சமெல்லாம் அலங்காரம். டவுன்ஜியில் தலைவர் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம். 1903 டெல்லி தர்பாருக்குப் போய்வந்த கெங்டுங் சாவ்பா, இந்திய அரண்மனை ஜாடையில் தனக்கு ஒன்று கட்டிக்கொண்டார். இந்திய சமஸ்தானாதிபதிகள் மாதிரித் தோற்றம் கிடைத்ததே தவிர அந்தஸ்து கிடைக்கவில்லை. சட்டப்படி சான் மாநிலங்கள் பிரிட்டிஷ் பர்மாவின் பகுதிதான். 1922இல் கூட்டமைப்பு வந்து மராமத்து, மருத்துவம், காடு எல்லாம் பிரிட்டிஷ் கமிஷனர் கைக்குப் போன பிறகு சாவ்பாவிடம் மிஞ்சியது குடிகள் மீதான அதிகாரம் மட்டும்.

அந்த மிச்சம் சுதந்திரத்தையும் தாண்டி நீடித்தது. 1947 பங்லோங் ஒப்பந்தத்தில் சாவ்பாக்களும் கையெழுத்துப் போட்டார்கள். புதிய அரசியல் சட்டம் தேசிய இனங்களின் சபையில் சான்களுக்கு ஒதுக்கிய 25 இடங்களையும் சாவ்பாக்களுக்கே கொடுத்தது. யாங்ஹ்வே சாவ்பா சாவ் ஷ்வே தைக் 1948இல் பர்மாவின் முதல் ஜனாதிபதி ஆனார். 1959இல் சாவ்பாக்கள் டவுன்ஜியில் கூடிப் பரம்பரை அதிகாரத்தை எழுதிக் கொடுத்தார்கள். இழப்பீடும் உண்டு.

நிலப்பிரபுத்துவம் ஒழிந்தது என்று இதை அப்படியே வரவு வைத்துக்கொள்கிற தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1962 மார்ச் 2 ராணுவப் புரட்சியன்று ஷ்வே தைக் வீட்டில் பதினேழு வயது மகன் சுட்டுக் கொல்லப்பட்டான்; அவர் அதே வருடம் நவம்பரில் சிறையில் இறந்தார். சிப்பாவின் கடைசிச் சாவ்பா சாவ் கியா செங், அமெரிக்காவில் சுரங்கப் படிப்பு படித்தவர், தன் வயல்களை உழுதவர்களுக்கே கொடுத்தவர். அவரையும் அந்த நாட்களில் ராணுவம் பிடித்தது, திரும்பி வரவில்லை. ஆஸ்திரியக்காரரான அவர் மனைவி இங்கே சார்ஜென்ட் 1994இல் இதைப் புத்தகமாக எழுதினார். குன் செங் கொன்ற இரண்டு பேருக்காக ஒரு விசாரணையாவது நடந்தது. கியா செங் விஷயத்தில் குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, அவரைக் கைது செய்யவே இல்லை என்றது அரசாங்கம்.