சந்திரலேகா: மேடையில் இல்லாத 12 வருடங்கள்

சந்திரலேகான்னு சொன்னாலே நமக்கு 1948இல் வந்த ஜெமினி படமும் அந்த முரசு நடனமும்தான் ஞாபகம் வரும். நான் சொல்லப்போவது இன்னொரு சந்திரலேகா. எய்ன் லால் இயக்கிய 'சரீரா' ஆவணப்படம் இவரைப் பற்றியதுதான். வெள்ளை முடி, கண் நிறைய மை, பெரிய பொட்டு, பளிச்சென்ற சேலை. எந்தக் கூட்டத்திலும் முதலில் கண்ணில் படுகிற ஆள். ஆனால் அவர் அமைத்த நடனங்களில் அலங்காரம் என்று எதுவுமே இருக்காது. ஏன் அப்படி?

1928இல் மகாராஷ்டிரத்தின் வாடாவில் பிறந்தவர். சட்டப் படிப்பை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து, காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் கற்றார். 1952இல் ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக அரங்கேற்றம். 'மதுரா நகரிலோ' பாட்டுக்கு யமுனைத் தண்ணீரில் விளையாடுவதாக அபிநயம். ஆடிக்கொண்டிருக்கும்போதே உறைத்தது: யாருக்காக ஆடுகிறோமோ அவர்கள் ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை. கலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே இருந்த அந்த வெடிப்பு அவரை விடவே இல்லை.

1972இல் 'நவக்கிரகம்' செய்தார். அதன் பிறகு மேடைப்பக்கமே வரவில்லை. நம்ம ரெஸ்யூமேயில் இப்படி 12 வருட இடைவெளி இருந்தால் ஹெச்ஆர் முதலில் அதைத்தான் கேட்பார். இவரோ அந்தக் காலத்தில் எழுதினார், போஸ்டர் வடிவமைத்தார், பெண்கள் இயக்கத்தில் வேலை செய்தார். 'ஸ்கில்ஸ்' அமைப்பில் சதானந்த் மேனன், தஷ்ரத் படேலோடு சேர்ந்து போஸ்டர் தயாரிப்பைப் பிறருக்கும் சொல்லிக்கொடுத்தார். 1982இல் அவர்மீதும் மேனன்மீதும் தேசத்துரோக வழக்குகூடப் போட்டார்கள். பிறகு அது கைவிடப்பட்டது.

1984இல் பம்பாயில் நடந்த கிழக்கு–மேற்கு நடனச் சந்திப்பில் மீண்டும் மேடைக்கு வந்தார். 1985இல் 'அங்கிகா'. பரதம், களரி, யோகா மூன்றும் ஒரே மேடையில். தலைசாமான் இல்லை, ஒட்டியாணம் இல்லை, தலைவனுக்காக ஏங்கும் நாயகியும் இல்லை. மிஞ்சியது உடம்பும் கோடும் வெளியும். அரைமண்டியை வடிவியலாகப் பார்க்கிற கண் அது. நல்ல போஸ்டரில் ஒரு கோடுகூட வீணாக இருக்கக்கூடாது இல்லையா, அதே கணக்குதான். பாஸ்கராச்சாரியாரின் 12ஆம் நூற்றாண்டுக் கணித நூலான 'லீலாவதி'யையே 1989இல் நடனமாக்கினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அதனால்தான் அந்த 12 வருடங்களை இடைவெளி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எதைச் சேர்க்கலாம் என்பதைக் குருவிடம் கற்றவர், எதை நீக்கலாம் என்பதை அச்சு மையோடும் தாளோடும் கற்றிருக்கிறார். 1952இல் கண்ட வெடிப்புக்கு அவர் கண்ட விடை: பொய் சொல்லாத உடம்பு. தன் கண் மையையும் பொட்டையும் மட்டும் அவர் கடைசிவரை நீக்கவில்லை. அவை அவருடைய சொந்த விருப்பம். யாரும் மாட்டிவிட்ட வேஷம் அல்ல.

2001இல் 'சரீரா'வை அமைத்தபோது அவருக்கு வயது 72. 2006 டிசம்பர் 30 அன்று சென்னையில் காலமானார்.