கலங்கல் கல்லும் காண்ட்ராக்டரும்

ஓமந்தூர் என்றதும் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராமசாமி ரெட்டியார்தான் நினைவுக்கு வருவார். அவர் ஒரு விவசாயி. அவருடைய ஊர் இருக்கும் திண்டிவனம் வட்டாரம் ஏரியை நம்பிய மண். மேல் ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் வழியே கீழ் ஏரிக்கு ஓடும். பல ஏரிகளின் நீர் கடைசியில் மரக்காணம் பக்கத்துக் கழுவேலிச் சதுப்புநிலத்தில் போய்ச் சேரும். நடுவில் ஓர் ஏரியின் மட்டம் பிசகினாலும் மேலே உள்ளவன் நிலம் மூழ்கும், கீழே உள்ளவனுக்குத் தண்ணீர் வராது. அப்படி ஆகும்போதெல்லாம் நாம் காண்ட்ராக்டரைத்தான் திட்டுகிறோம். அவர் கையில் என்ன தகவலைக் கொடுத்து வேலைக்கு அனுப்பினோம் என்று யாரும் கேட்பதில்லை.

ஊராரே கூடி ஏரியைப் பராமரித்த குடிமராமத்துக் காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கரையில் மண் போட்டவனும் அந்த ஏரித் தண்ணீரில் நெல் விளைத்தவனும் ஒரே ஊர்க்காரர்கள். எது எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஏற்பாடு தளர்ந்தது. ஊராரை வேலைக்கு வரவைக்க 1858இல் சட்டமே போட வேண்டியிருந்தது. வெளியாள் கூலிக்கு மண் வெட்ட வந்தபோது ஊரின் அறிவு தாளில் ஏற வேண்டியதாயிற்று. 1876–78 பஞ்சத்துக்குப் பிறகு, 1883இல் ஏரி சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. அளவைக் குழுக்கள் ஏரி ஏரியாகப் போய்க் கரையின் நீளம், கலங்கலின் மட்டம், மதகின் அடிமட்டம், பாசனப் பரப்பான ஆயக்கட்டு எல்லாவற்றையும் ஏட்டில் எழுதி வைத்தன. வெள்ளையர் அரசு வரி வசூலை மனத்தில் வைத்துத்தான் இதைச் செய்தது. இருந்தாலும் நல்ல வேலை.

அந்த ஏட்டின் அருமை கலங்கலில் தெரியும். பழைய கலங்கல்களின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில் கல்லுக்குக் கல் இடைவெளியை மண்ணால் அடைத்து, இன்னும் கொஞ்சம் நீரைத் தேக்கிக்கொள்வார்கள். ஆகவே ஏரியின் முழு நீர்மட்டம் கல்லின் தலை அல்ல, கல் நிற்கும் தளம். இது தெரியாமல் தலைமட்டம் வரை சுவர் எழுப்பிவிட்டால், ஐப்பசி வெள்ளம் வெளியேற வழியின்றிக் கரையை உடைக்கும். கட்டியவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் சரி.

ஊழல்தானே மூல நோய் என்று கேட்கலாம். இல்லை என்று யார் சொன்னது? ஆனால் ஊழல் ஒளிந்துகொள்ளும் இடமே அளவில்லாத இடம்தான். தூர்வாருவதற்கு முன் எடுத்த மட்டம் வேலையின் அளவுப் பதிவேடான எம் புக்கில் சரியாக ஏறவில்லை என்றால், எத்தனை கன மீட்டர் மண் போனது என்று ஒரு மழைக்குப் பின் யாராலும் நிரூபிக்க முடியாது. நூறாண்டு பழைய ஏட்டை நம்பலாமா என்பது நியாயமான கேள்வி. வண்டல் ஏறிவிட்டது, வரத்துக்கால்வாய் மாறிவிட்டது. அதனால்தான் மறு அளவை வேண்டும் என்கிறேன். 2017இல் அரசு குடிமராமத்து என்ற பெயரை மீட்டு, ஆயக்கட்டுதாரர்களிடமே வேலையைத் தர முன்வந்தது. அதே உரிமையோடு அளவையும் அவர்கள் கேட்க வேண்டும். உங்கள் ஊர் ஏரியில் அடுத்த முறை பொக்லைன் இறங்கும் முன், தொடக்க மட்டத்தைக் கலங்கலருகே பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.