கானலெட்டோவின் சித்திரத்தில் ஒரு குறைமாளிகை

வெனிஸ் நகரத்துப் பெருங்கால்வாயின் கரையில், சான் பர்னபா என்னுமிடத்தில், கா ரெட்சோனிக்கோ என்ற பெயரோடு இன்று ஓங்கி நிற்கும் மாளிகை ஒரே காலத்தில் ஒரே குடும்பத்தாரால் நிர்மாணிக்கப்பட்டதென்று காண்போர் கருதுவது இயல்பே. கீழ்த்தளம் முதல் மேல்தளம் வரை தூண்களும் வளைவுகளும் அவ்வளவு இசைவாக அமைந்திருக்கின்றன. ஆயினும், கானலெட்டோ 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீட்டிய கால்வாய்ச் சித்திரமொன்றில் இதே மாளிகை, கீழ்த்தளமும் அதன்மேல் ஒரே தளமும் மட்டும் உடையதாய், தற்காலிகக் கூரை தாங்கி, குறைக் கட்டடமாகக் காட்சியளிக்கிறது.

இக்குறைக்குக் காரணம் போன் என்னும் பிரபுக் குடும்பத்தின் பொருள்நிலை. அக்குடும்பத்தைச் சேர்ந்த பிலிப்போ போன், சாந்தா மரியா தெல்லா சலூத்தே ஆலயத்தை அமைத்துக் கீர்த்தி பெற்ற சிற்பி பால்தசாரே லொங்கேனாவிடம் 1649இல் இப்பணியை ஒப்படைத்தார். 1682இல் லொங்கேனா மறைந்தார். போன் குடும்பத்தின் ஐசுவரியமும் பணியைத் தொடர இடந்தரவில்லை. பாதியில் நின்ற சுவர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அப்படியே நின்றன.

கானலெட்டோவின் சித்திரத்தைச் சாசனமாகக் கொள்ளலாமா என்ற ஐயம் இங்கு எழும், எழுவதும் நியாயமே. நாடகத் திரை தீட்டுபவரின் மைந்தராய்ப் பிறந்து, தந்தையிடமே தொழில் பயின்ற அவர், வெவ்வேறு இடங்களிலிருந்து கண்ட தோற்றங்களை ஒரே காட்சியாக இணைக்கவும், அழகின்பொருட்டு நீர்ப்பரப்பை விரிக்கவும் தயங்கியவரல்லர். ஆனால் சிறு விவரங்களில் அவர் காட்டிய சிரத்தை அசாதாரணமானது. கட்டடங்களின் அடியில், அலை தொடும் எல்லையில் படியும் பச்சைப் பாசிக் கோட்டைக்கூட அவர் விடாமல் தீட்டியிருக்கிறார். அக்கோட்டை இன்றைய பாசிக் கோட்டோடு ஒப்பிட்டு, அவர் காலத்திற்குப்பின் வெனிஸில் நீர்மட்டம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளதென்று ஆராய்ச்சியாளர் கணித்திருக்கின்றனர். அன்றியும், அழகுக்காகவே மாற்றங்கள் செய்யும் ஓவியர், அழகைக் குலைக்கும் மொட்டைக் கூரையொன்றைத் தாமாகக் கற்பித்துச் சேர்க்க ஹேது எதுவும் இல்லை. ஆதலால் இவ்விடத்தில் அவருடைய சாட்சியத்தை நான் முழுமையாக ஏற்கிறேன்.

1751இல் மாளிகையை விலைக்கு வாங்கிய ரெட்சோனிக்கோ குடும்பத்தார் புதுச் செல்வர்கள். லொம்பார்தியிலிருந்து வந்து, வணிகத்தில் பொருளீட்டி, 1687இல் பெருந்தொகை செலுத்தி வெனிஸின் பிரபு வர்க்கத்தில் இடம்பெற்றவர்கள். அவர்கள் அமர்த்திய ஜோர்ஜோ மஸ்ஸாரி 1756இல் பணியை முடித்தார். ஈராண்டுகளில், 1758இல், அவ்வில்லத்தில் லுதோவிக்கோ ரெட்சோனிக்கோவின் விவாகத்தைக் கொண்டாடும் விதானச் சித்திரம் தியெப்போலோவின் கையால் உருவாயிற்று. அதே ஆண்டில் குடும்பத்தின் கார்லோ, பதின்மூன்றாம் கிளெமென்ட் என்ற பெயரில் போப்பாண்டவரானார்.

மஸ்ஸாரியின் அடக்கம் என்னை மிகவும் கவர்கிறது. முகப்பில் லொங்கேனாவின் திட்டத்தையே பெரும்பாலும் பின்பற்றி, பழைய தளம் எங்கே முடிந்து புதியது எங்கே தொடங்குகிறதென்று கண்ணுக்குப் புலப்படாதவாறு அவர் மேல்தளத்தை எழுப்பினார். தம் சொந்த ஆற்றலையோ மாளிகையின் பின்பகுதியில், இரு தளங்களின் உயரமுள்ள நடன மண்டபத்திலும் அதற்கு இட்டுச்செல்லும் விசாலமான படிக்கட்டிலும் வெளிப்படுத்தினார்.