பட்டமும் பக்குவமும்: ஜான் வெஸ்லியின் குருத்துவ வரலாறு

சமயப் பணிக்கு ஒருவரை நியமித்தல் சபைக்கு ஒருநாட் செயல். அப்பணிக்கு அவர் தகுதியுடையராதலோ வாழ்நாள் முழுதும் நிகழ்வதொரு செயல். இவ்விரண்டனுள் முற்பட வேண்டுவது யாது? தான் ஐயமறத் தெளியாத பொருளைப் பிறர்க்கு எடுத்துரைத்தல் ஒருவர்க்குத் தகுமோ? எல்லாச் சமயத்தார்க்கும் உரிய இவ்வினாக்களைத் தம் வாழ்க்கையிலேயே வைத்து ஆராய்ந்து, அவ்வாராய்ச்சியை நாட்குறிப்பாக எழுதியும் வைத்தவர், மெதடிஸ்ட் இயக்கத்தின் முதல்வராகிய ஜான் வெஸ்லி என்னும் ஆங்கிலக் குருவாவர்.

வெஸ்லி 1703 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எப்வொர்த் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் சாமுவேல் அவ்வூர்த் திருச்சபையின் குரு, தாயார் சூசன்னா. ஆக்ஸ்போர்டிற் பயின்றுகொண்டிருந்த வெஸ்லி, 1725 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், குருத்துவத்தை மேற்கொள்ளும் தம் கருத்தைப் பெற்றோர்க்கு எழுதினார். பிழைப்பு நோக்கி இப்பணியிற் புகுதலாகாதெனவும், வேதத்தை அதன் மூலமொழிகளில் ஆழக் கற்ற பின்னரே புகுதல் நன்றெனவும் தந்தையார் விடையிறுத்தார். தாயாரோ விரைந்து பட்டம் பெறுதலே தக்கதென்றார். பொறுப்பு வந்துறின் ஒழுக்கத்தோடு பொருந்திய சமயக் கல்வியில் மனம் தானே ஊன்றும் என்பது அவ்வம்மையார் கருத்து. முதிர்ந்து பணியிற் புகுதலோ, பணியிற் புகுந்து முதிர்தலோ என்னும் வழக்கு இங்ஙனம் அவ்வில்லத்திலேயே எழுந்தது. சின்னாளில் தந்தையாரும் இசைந்தார். கிறிசோஸ்தம் என்னும் பண்டைப் பெரியார் குருத்துவத்தைப் பற்றி இயற்றிய நூலை நன்கு பயிலுமாறும் பணித்தார்.

அவ்வாண்டிலேயே தாமஸ் கெம்பிஸ், ஜெரமி டெய்லர் என்பார் நூல்களை வெஸ்லி கற்றார். மனமொழி மெய்களின் ஒரு பகுதியையன்றி வாழ்வு முழுவதையும் இறைவற்கு ஒப்புவித்தல் வேண்டுமென்னும் துணிபு அவற்றால் அவர்க்கு உண்டாயிற்று. ஆயினும், பாவமன்னிப்புப் பெற்றமையை ஒருவன் உறுதியாக அறிதல் இயலாதென்னும் டெய்லரின் கூற்றை அவர் ஏற்றிலர். அவ்வுறுதி இல்லையேல் ஒவ்வொரு கணமும் அச்சத்திலேயே கழியுமன்றோ எனத் தாயார்க்கு எழுதினார். பின்னர்ப் பதின்மூன்றாண்டு அவரை வருத்திய வினாவின் வித்து இக்கடிதத்தே உளது.

1725 செப்டம்பர் 19 ஆம் நாள் அத்தியட்சர் ஜான் பாட்டர் அவர்க்கு உதவிக்குருப் பட்டம் அளித்தார். 1728 செப்டம்பர் 22 ஆம் நாள் அவரே முழுக் குருப்பட்டமும் அளித்தார். இதன்பின் வெஸ்லி, தம்பியார் சார்லசும் பிறரும் கூடிய சிறு குழுவுக்கு ஆக்ஸ்போர்டில் தலைவராயினார். நோன்பு, செபம், சிறைப்பட்டோரைக் காண்டல், வறியோர்க்கு உதவல் என்பன அக்குழுவினர் வழுவாது ஒழுகிய நியமங்கள். இந்நியமம் கண்டு நகையாடினோர் இட்ட பெயரே ‘மெதடிஸ்ட்’ என்பது. எனினும், முதுமையுற்ற தந்தையார் எப்வொர்த்துப் பணியைத் தமக்குப்பின் ஏற்குமாறு வேண்டியபொழுது வெஸ்லி உடன்பட்டிலர். தம் தூய்மைக்கு ஆக்ஸ்போர்டே ஏற்ற இடமென்றார். 1735 இல் அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியாவுக்குப் புறப்பட்டபோதும், தம் ஆன்மாவைக் காத்துக்கொள்ளலே தலையாய நோக்கமென எழுதினார். பிறர்க்குப் பணி செய்தல் அக்காலத்து அவர்க்குத் தம் ஈடேற்றத்துக்கொரு கருவியாகவே இருந்தது.

அக்கடற்பயணத்தில், 1736 சனவரியில், பெரும்புயல் ஒன்று வீசிற்று. பாய் கிழிந்து கடல்நீர் கப்பலுட் புகுந்தது. ஆங்கிலேயர் அலறினர், உடன் சென்ற மொராவியர் என்னும் செர்மானியக் கிறித்தவரோ தாம் பாடிய பாட்டை இடையறாது பாடினர். அவர்தம் மகளிரும் சிறாரும்கூட மரணத்துக்கு அஞ்சிலர் என்று அறிந்த வெஸ்லி, தம் உள்ளத்தில் அச்சம் இருத்தலை உணர்ந்து நாணினார். ஜார்ஜியாவை அடைந்தபின், மொராவியருள் ஒருவராகிய ஸ்பாங்கன்பர்க், கிறிஸ்து உம்மை இரட்சித்தார் என்பதை அறிவீரோ என வினவினார். உலகை இரட்சிப்பவர் என அறிவேன் என்பதே வெஸ்லிக்கு எளிதில் வந்த விடை. தம்மைப் பற்றிக் கூறிய விடைகள் வெறுஞ்சொல்லாகவே இருந்தன என அஞ்சுவதாக அவரே குறித்துள்ளார். அங்கே அவர் செய்த ஊழியம் பெரும்பயன் தரவில்லை. வழக்குகளும் மனக்கசப்பும் சூழ, 1737 டிசம்பரில் அந்நாட்டை விட்டு நீங்கினார்.

1738 பிப்ரவரியில், பீட்டர் போலர் என்னும் மொராவிய இளைஞரை வெஸ்லி இலண்டனிற் கண்டார். அவரோடு உரையாடியதன் பயனாக, மெய்விசுவாசம் தம்மிடத்து இல்லை எனத் தெளிந்தார். தன்னிடம் இல்லாததைப் பிறர்க்கு எங்ஙனம் உரைப்பது? போதிப்பதை விட்டொழியலாமோ என அவர் வினவ, போலர் அஃது ஒருசிறிதும் ஆகாதென்றார். விசுவாசம் கிட்டும்வரை அதனையே போதித்து வருக, கிட்டியபின் அதனை உடைமையால் போதிப்பீர் என்பது அவர் உரையின் கருத்து. மார்ச்சுத் திங்களில் வெஸ்லி அவ்வண்ணமே தொடங்கினார். அவர் அப்போதனையை முதற்கண் கூறியது மரணதண்டனை பெற்ற கைதி ஒருவர்க்கு.

அவ்வாண்டு மே 24 ஆம் நாள் மாலை, இலண்டனில் ஆல்டர்ஸ்கேட் வீதியிற் கூடியதொரு சிறு கூட்டத்தில், உரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரை படிக்கப்பட்டது. அதனைக் கேட்டிருக்கையில் தம் பாவமும் நீங்கிற்றென்னும் உறுதி தமக்கு உண்டாயிற்றென வெஸ்லி எழுதினார். அன்றோடு எல்லாம் நிறைவுற்றதெனக் கொள்ளற்க. 1739 சனவரியிற்கூடத் தம்மைக் கடிந்து ஐயுற்று எழுதிய குறிப்பு உண்டு. ஆயினும் அவ்வாண்டு ஏப்ரலில் பிரிஸ்டலில் திறந்தவெளியில் நின்று எளியோர்க்குப் போதிக்கத் தொடங்கியவர், 1791 இல் எண்பத்தேழாம் வயதில் இறக்குமளவும் அப்பணியை விட்டிலர். தம் ஈடேற்றத்துக்கென இடந்தேடிய குரு, பிறரைத் தேடி ஊர்தோறும் செல்லும் குருவாயினார்.

அவர் பெற்ற முதிர்ச்சிக்கு இரண்டு சான்றுகள் உள. 1746 ஆம் ஆண்டு மாநாட்டில், போதகராக விழைவோரிடத்து ஆராய வேண்டுவன மூன்றென அவரும் அவர் கூட்டத்தாரும் வகுத்தனர்: இறைவனை அறிந்த அனுபவம், பணிக்குரிய ஆற்றல், பணியால் விளைந்த பயன். நூற்கல்வியை அவர் இகழ்ந்தாரல்லர். அதனை மட்டும் போதுமெனக் கொண்டிலர். மற்றொன்று, 1774 இல் தம் நாட்குறிப்பை மீளப் பதிப்பித்தபோது சேர்த்த அடிக்குறிப்புகள். ஜார்ஜியாவில் தமக்கு விசுவாசமே இல்லை என இளமையிற் கடிந்து எழுதியதைத் திருத்தி, அக்காலத்தும் தாசனுக்குரிய விசுவாசம் தமக்கு இருந்தது, புத்திரனுக்குரியதே இல்லாதிருந்தது என்று பொருள்படக் குறித்தார்.

இத்திருத்தத்தால் முற்கூறிய வினாவுக்கு விடை பெறப்படும். பட்டம் பெற்ற நாளில் அவர்பாற் பக்குவம் முற்றியிருந்ததன்று. அதுபற்றி அந்நாளைய தொண்டு வீணாயிற்றுமன்று. குறையை மறையாது கண்டும், கண்டதற்கு அஞ்சிப் பணியைக் கைவிடாதும் நின்றமையே அவரை முதிர்வித்தது. தந்தையார் வேண்டிய தகுதியும் தாயார் வேண்டிய விரைவும் தம்முள் மாறுபட்டனவல்ல என்பதை மகனார் வாழ்க்கை காட்டிற்று.