புல எண்ணில் இருக்கிறார் பாட்டனார்

தோழர்களே, நம் குடும்பங்களுக்குப் பட்டயமில்லை, செப்பேடில்லை. பாட்டனாருக்கு முந்தைய பெயரைக் கேட்டால் தடுமாறுகிறோம். ஆனால் நிலம் மறக்கவில்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் வந்த அரசாணை 1010 நம் முன்னோர்க்குப் பஞ்சமி நிலம் கிடைக்க வழி திறந்தது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது. பிறகும் நம்மவர்க்கே விற்கலாம் என்பது நிபந்தனை.

அதைத் தேடித்தான் பழைய கிராம வரைபடத்தை விரித்தோம். ஊர் நத்தம் ஒருபுறம், சேரி நத்தம் தனியே. ஏரிக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே, எங்கள் ஆயா சொல்லிவந்த புளியமரத்துக் கழனிக்கு ஒரு புல எண் இருந்தது. அந்த எண்ணைப் பிடித்துப் பழைய பதிவேட்டைப் புரட்டினோம்: பாட்டனாரின் பெயர். இன்றைய சிட்டாவில் வேறொருவர் பெயர்.

வரைபடம் எல்லையைச் சொல்லும், பதிவேடு பெயரைச் சொல்லும். நிலம் எப்படிக் கைமாறியது, எந்தக் கடனுக்கு, எந்த மிரட்டலுக்கு என்பதை ஆயாக்கள்தாம் சொல்வார்கள். மூன்றும் சேர்ந்தால்தான் நம் வரலாறு.

1994இல் காரணைப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அவர்கள் கேட்டதும் இந்தப் புல எண்களைத்தான். ஆயாக்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வோம்.