ஏடும் ஆசானும்: உடற்பயிற்சி வரலாற்றில் ஒரு பழைய வினா

சுவரிருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் மொழி. சுவரைப் பேணவேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. எவ்வழியாற் பேணுவது, தனித்து நின்று பேணுவதா, ஆசானொருவனை நாடிப் பேணுவதா என்னும் இடத்திலேதான் கருத்துக்கள் வேறுபடுகின்றன. அவிசாவளையிலிருந்து அட்டனை நோக்கி ஏறும் பெருவழியில், கித்துல்கலையைக் கடந்து மேற்செல்வார் காணும் மலையூர் கினிகத்தேனை. அதனைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் இளைஞன் ஒருவன் இன்று உடலை உரமாக்க விரும்புவானாயின், அவன் கையடக்கத் தொலைபேசியின் திரையிலே நூறு பயிற்சி முறைகள் அவனை அழைக்கின்றன. பட்டணத்துப் பயிற்சிக்கூடத்துக்குச் சென்று பயிற்றுநருக்குப் பணங்கொடுப்பதா என்னும் வினாவும் உடனெழுகின்றது. நாட்கூலியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பணமாதலின் இவ்வினா அவனுக்குச் சிறிதன்று. இது புதியதோர் இடர்ப்பாடு போலத் தோன்றினும், வரலாற்றை நோக்குவார்க்கு மிகப் பழையதென்பது புலனாகும்.

சங்க காலத் தமிழர் மற்போரை நன்கறிந்திருந்தனர். போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வென்ற செய்தியைப் புறநானூற்றின் 80 முதல் 82 வரையுள்ள பாடல்களிற் சாத்தந்தையார் பாடினார். அவ்வீரன்மீது கொண்ட காதலை அடுத்த மூன்று பாடல்களில் நக்கண்ணையார் பாடினார். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் எனப் பெயர் தாங்கியதும், அப்பெயராலே மாமல்லபுரம் விளங்குவதும் யாவரும் அறிந்தனவே. இவ்வீரர் உடலைப் பயிற்றியதற்கு நோக்கம் ஒன்றே: எதிர்த்தவனை வெல்லுதல். நோக்கம் தெளிவாயிருந்தமையால் எப்பயிற்சியைத் தேர்வது என்னும் மயக்கம் அவர்க்கு எழவில்லை. பிழைத்தால் உயிர்க்கே ஊறு நேருமாதலின் ஆசான் வேண்டுமா என்னும் வினாவும் எழவில்லை. சிலம்பம், வர்மம், குஸ்தி ஆகிய கலைகளில் ஆசான், வாத்தியார், உஸ்தாத் என்று வெவ்வேறு பெயரால் வழங்கப்பட்டவன், மாணாக்கனின் காலடியையும் கைவீச்சையும் கண்ணெதிரே கண்டு திருத்துபவனாக இருந்தான். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகியன அக்கலைகளுக்கு உடலை ஆயத்தஞ்செய்யும் துணைப் பயிற்சிகளாக நின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறலாயிற்று. ஜெர்மனியிலே யான் என்பவர் 1811 இல் பெர்லின் நகர்ப்புறத்தில் திறந்தவெளிப் பயிற்சிக்களம் அமைத்தார். சுவீடன் நாட்டு லிங் என்பவர் 1813 இல் ஸ்டாக்ஹோமிலே உடற்பயிற்சி ஆசிரியரைப் பயிற்றும் நிலையமொன்றைத் தோற்றுவித்தார். இந்தியச் சிப்பாய்களின் கர்லாக்கட்டையைக் கண்ட ஆங்கிலப் படையினர் அதனைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். மல்லனின் கருவி ஆங்கு பள்ளிச் சிறாரின் கருவியாயிற்று. 1904 இலும் 1932 இலும் அமெரிக்காவில் நடந்த ஒலிம்பிக் விழாக்களிற் கட்டை சுழற்றுதல் ஒரு போட்டியாகவே இடம்பெற்றது. இவ்வாறு போருக்காக இருந்த பயிற்சி, நாற்காலியில் அமர்ந்து தொழில் செய்வோரின் நலத்துக்கான பயிற்சியாக உருமாறியது. நோக்கம் மாறவே, தேர்வு என்னும் தொல்லையும் உடன்பிறந்தது.

அத்தொல்லையை வணிகமாக்கியவருள் முதன்மையானவர் 1867 இற் பிறந்த யூஜின் சாண்டோ ஆவார். மேடைகளிற் பளுத்தூக்கிப் புகழ்பெற்ற அவர், 1897 இல் இலண்டனிற் பயிற்சி நிலையம் நிறுவினார். நூலும், பத்திரிகையும், வில்லுப் பொருத்திய கைக்குண்டுகளும் விற்றார். 1904, 1905 ஆம் ஆண்டுகளில் இந்தியாவிலும் கீழ்த்திசை நாடுகளிலும் சுற்றிவந்தார். அவரை நேரிற் காணாதவரும் அவர்தம் நூலைச் சுவரருகே வைத்துப் பயிலத் தொடங்கினர். அதே 1904 இல் டென்மார்க்கு நாட்டு மியுல்லர் என்பவர், கருவி எதுவுமின்றி நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் பயின்றாற் போதும் என்று ஒரு நூல் வெளியிட்டார். அந்நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு நாடெங்கும் பரவிற்று. ஆசானின் இடத்தை ஏடு பிடித்த காலம் அது. இன்றைய தொலைபேசித் திரை அவ்வேட்டின் பேரப்பிள்ளை என்று கொள்வதிற் பிழையில்லை.

இந்தியத் துணைக்கண்டத்தில் இவ்வினாவைத் தம் வாழ்விலேயே ஆராய்ந்தவர் ஒருவரைக் காண்கின்றோம். மராட்டிய நாட்டு ஔந்து சமஸ்தானத்தின் அரசர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் சாண்டோவின் கருவிகளையும் நூல்களையும் வருவித்துப் பத்தாண்டளவு இடையறாது பயின்றார். பயன் கண்டார், எனினும் நிறைவடையவில்லை. பின்னர்த் தம் தந்தையார் நாடோறும் செய்துவந்த சூரிய நமஸ்காரத்துக்கு மீண்டார். கருவி வேண்டாமை, சிறிது இடமே போதுமாதல், ஆண் பெண் சிறுவர் முதியோர் யாவர்க்கும் இயலுமாதல் என்பன அதன் சிறப்புக்களென உணர்ந்து, தம் நாட்டுப் பள்ளிகளில் அதனைக் கட்டாயமாக்கினார். 1928 இல் அதுபற்றி நூலும் எழுதினார். ஈண்டு நாம் கருதவேண்டுவது, அவ்வரசர் மேலைமுறையைப் பழித்து விட்டவரல்லர் என்பதாம். பத்தாண்டு பயின்று, ஒப்புநோக்கித் தம் நோக்கத்துக்கும் தம் மக்களின் நிலைமைக்கும் பொருந்தியதைத் தேர்ந்தவர் அவர்.

பெங்களூரில் வாழ்ந்த கே. வி. ஐயர் இரு வழியையும் ஒருங்கு கையாண்டவர். அவர் தம் பயிற்சிக்கூடத்தில் மாணாக்கரை நேரிற் பயிற்றினார். தொலைவிலுள்ளார்க்கு அஞ்சல்வழிப் பாடங்களும் அனுப்பினார். பளுத்தூக்கலோடு சூரிய நமஸ்காரத்தையும் யோகாசனத்தையும் இணைத்தார். அவரே கன்னடத்தில் வரலாற்றுப் புதினம் எழுதிய இலக்கியவாணரும் ஆவர் என்பது, உடலுரமும் கல்வியும் பகையல்ல என்பதற்குச் சான்று. அக்காலத்திலேயே மைசூர் அரண்மனையைச் சார்ந்த யோகசாலையிற் கற்பித்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார், பின்னாளிற் சென்னையில் வாழ்ந்தபோது, பயிற்சி என்பது ஆளுக்கு ஆள் வேறுபட வேண்டும் என்று வற்புறுத்தினார். இளைஞனுக்குரியது முதியவனுக்காகாது, நோயுற்றவனுக்குரியது நலமுற்றவனுக்கு வேண்டாதது என்பது அவர் கொள்கை. அவருடைய மாணாக்கரான பி. கே. எஸ். ஐயங்காரோ, 1966 இல் வெளியிட்ட தம் பெருநூலில் ஆசனங்களை வாரவாரமாக வகுத்துத் தந்தார். ஆசானைப் போற்றிய மரபே ஏட்டையும் ஈன்றது என்க.

ஆசானை உருவாக்கும் கல்வியும் வேண்டுமென உணர்ந்தவர் அமெரிக்கரான ஹாரி குரோ பக். 1920 இற் சென்னையில் அவர் தோற்றுவித்த வை. எம். சி. ஏ. உடற்கல்விக் கல்லூரி, உடற்பயிற்சி ஆசிரியரைப் பயிற்றுவதில் ஆசியாவின் முன்னோடிகளுள் ஒன்று. 1924 ஆம் ஆண்டுப் பாரிசு ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் குழுவை வழிநடத்தியவரும் அவரே. உடலைப் பயிற்றுவோன் உடலின் அமைப்பை அறிந்திருத்தல் வேண்டும். தான் வலியவன் என்பது மாத்திரம் தகுதியாகாது என்பது அக்கல்லூரியால் நிலைபெற்ற உண்மை.

இனி, இருபதாம் நூற்றாண்டின் மருத்துவ ஆராய்ச்சி இவ்வினாவுக்குத் தந்த ஒளியை நோக்குவாம். அமெரிக்கப் படைமருத்துவரான டிலோர்ம், போரிற் காலூறுபட்ட வீரர்க்குப் பளுவைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பயிற்சியளித்து அதன் பயனை 1945 இல் வெளியிட்டார். பத்துமுறை தூக்குதல், அவ்வாறு மும்முறை செய்தல் என்னும் ஒழுங்கு அவர் வழியே பரவியது. தூக்கவல்ல அளவிலே தொடங்கி, உடல் பழகப்பழகச் சுமையை ஏற்றுதல் என்பதே அதன் உட்பொருள். எந்த முறையைத் தேர்ந்தாலும் இவ்விதி பொருந்தும். முதல் நாளிலேயே பிறனொருவன் தூக்கும் எடையைத் தூக்க முயல்வோன் பயிற்சி செய்பவனல்லன். தன்னைத் தானே ஊறுபடுத்துபவன்.

1953 இல் இலண்டனில் மொரிஸ் என்னும் மருத்துவர், மாடிப் பேருந்துகளின் சாரதிகளையும் நடத்துநரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். நாள்முழுதும் அமர்ந்திருக்கும் சாரதியினும், படியேறி இறங்கும் நடத்துநரிடத்தே மாரடைப்புக் குறைவாயிருக்கக் கண்டார். எனின், நாள்முழுதும் உழைப்போனுக்கு வேறு பயிற்சி வேண்டாமோ? இவ்விடத்திலே அவசரப்பட்டு முடிவுசெய்தல் ஆகாது. டென்மார்க்கிலே இலட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2021 இல் வெளிவந்த முடிவு வேறாக இருந்தது. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடலியக்கம் இதயநோயைக் குறைப்பதோடு இணைந்திருந்தது; தொழிலிற் கட்டாயமாகச் செய்யும் கடும் உடலுழைப்போ அந்நோய் மிகுதியோடு இணைந்திருந்தது. உழைப்பு வேறு, பயிற்சி வேறு. உழைப்பிலே ஓய்வை நிச்சயிப்பவன் பிறன். பயிற்சியிலே ஓய்வை நிச்சயிப்பவன் தானே. உழைப்பு ஒரே உறுப்பை ஓயாது வருத்தும். பயிற்சி எல்லா உறுப்பையும் அளவறிந்து இயக்கும்.

இவ்வேறுபாட்டைக் கினிகத்தேனைப் பகுதியின் தோட்டங்களிற் கண்கூடாகக் காணலாம். விடியலிற் பெரட்டுக்குச் சென்று, சரிவிலே நின்று, முதுகிலே கூடை தாங்கி, கையிரண்டும் ஓயாது கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இன்னும் ஆயிரம் முறை குனிந்து நிமிர் என்று கூறுதல் அறியாமை. அவள் முதலில் வேண்டுவது நல்லுணவும் ஓய்வும். அதன்மேல், சுமையாற் கூனிய முதுகையும் தோளையும் விரித்து, மூச்சை நீட்டும் மெல்லிய அசைவுகள் சில போதும். கவ்வாத்தும் முள்ளுக்குத்தும் செய்யும் ஆடவர்க்கும் இஃதொக்கும். அவர்தம் பிள்ளைகளோ இன்று வகுப்பறையிலும் கடைகளிலும் தொலைபேசியின் முன்னும் நெடுநேரம் அமர்ந்திருப்போர்; அவர்க்கு மொரிஸ் கண்ட சாரதியின் நிலையே பொருந்தும். ஒரு குடும்பத்திலேயே தாய்க்கொரு முறையும் மகனுக்கொரு முறையும் வேண்டியிருப்பதை எந்த அச்சிட்ட அட்டவணையும் அறியாது.

வயதுவந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கமும், இரண்டு நாட்களாயினும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் கொள்ளவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வகுத்தது. மலைப்பாதையில் விரைந்து நடத்தல் இவற்றுள் முன்னதை நிறைவேற்றும். தென்மேற்குப் பருவமழை ஓயாது பொழியும் மாதங்களில், பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயத்து அறையிலும் ஒரு பாய் விரிக்குமிடம் கிடைக்குமாயிற் சூரிய நமஸ்காரமும், தண்டாலும், பஸ்கியும் பின்னதை நிறைவேற்றும். இவற்றுக்கு நாடோறும் உடனிருக்கும் ஆசான் வேண்டியதில்லை. அறிந்தார் ஒருவரிடம் இரண்டொரு நாள் நிலைகளைத் திருத்திக்கொண்டாற் போதும்.

ஆசான் இன்றியமையாத இடங்கள் மூன்று. முதலாவது, பிழைத்தால் ஊறு நேரும் கலைகள். சிலம்பம், மற்போர், பெரும்பளுத் தூக்கல் போல்வன. இரண்டாவது, நோயுற்றோரும் காயமுற்றோரும் செய்யும் பயிற்சி. இதற்கு முதலில் நாடவேண்டுபவர் மருத்துவர். மூன்றாவது, போட்டியை நோக்கிய பயிற்சி. யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரந் தாண்டி இலங்கைக்குத் தங்கப்பதக்கம் ஈட்டினார். அத்தகைய நுண்கலையில், தன் பிழையைத் தானே காணவியலாத தாண்டுவோனுக்குப் பிறிதொரு கண் வேண்டும். அக்கண்ணே பயிற்றுநன்.

பணங்கொடுத்து அமர்த்துமுன் அவனை அளக்கவும் வேண்டும். நின் நோக்கம் யாது, நின் தொழில் யாது, நோயுண்டோ என்று முதலில் வினவுபவன் நல்லாசான். வந்தார் யாவர்க்கும் ஒரே பட்டியலைக் கொடுப்பவன் கூலிக்கு ஏடு வாசிப்பவன். விரைவிற் பெருந்தோள் தருவேன் என்றும், மாப்பொருளும் ஊசியும் தன்னிடமே வாங்குக என்றும் கூறுபவன் வணிகன். சில திங்களில் மாணாக்கனைத் தனித்துப் பயில வல்லவனாக்குபவனே பெற்ற பணத்துக்கு நேர்மை செய்தவன். ஒருவனால் இயலாத செலவைப் பத்துப்பேர் கூடிப் பகிர்ந்துகொள்ளலும் ஆம். அவ்வழக்கம் மலையகத்துக்குப் புதியதன்று. மாசித் திங்களிலே தோட்டத்தார் ஒன்றுகூடி ஆடும் காமன் கூத்தில், காமனும் ரதியுமாக ஆடும் இளைஞரைக் கூத்து வாத்தியார் தப்பொலிக்கேற்ப அடியடியாகப் பழக்குவதை நம் மூத்தோர் கண்டிருப்பர். ஊர் கூடி ஆசானைப் பேணியது. ஆசான் ஊரின் பிள்ளைகளைப் பழக்கினான்.

ஆகவே, வரலாறு நமக்குக் காட்டும் முறைவைப்பு இதுவாம்: முதலில் நோக்கத்தைத் தெளிக, அதற்கும் தன் தொழிலுக்கும் இடத்துக்கும் பொருந்திய பயிற்சியைத் தேர்க, சிறிதிலே தொடங்கி நாடோறும் செய்க, தன் கண்ணுக்கெட்டாத பிழை நேருமிடத்து ஆசானை நாடுக. பத்தாண்டு பயின்றபின் வழிமாற்றிக்கொண்ட ஔந்து அரசர், தேர்வு என்பது ஒருமுறை செய்து முடிப்பதன்று என்பதையும் உணர்த்தினார். பிறர் உடலைக் காட்டும் திரையை மூடிவிட்டுத் தன் உடலை அறியத் தொடங்கும் இளைஞனே சுவரைப் பேணும் வழியில் முதலடி வைத்தவனாவான்.